பிரேக்கில் ஒரு குறையும் இல்லை

வாழைப்பழத்தில் எனக்கு ரஸ்தாளிதான் பிடிக்கும். பூவன் புளிக்கும், பச்சைப்பழம் சாப்பிட்டால் மூக்கை அடைத்துக்கொள்ளும். மத்தியானத்தில் இரண்டு ரஸ்தாளியும் ஒரு சொம்பு தண்ணீரும் உள்ளே போனால் பொழுது சாயும்வரை வேலை ஓடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போலீஸ்காரர் எழுதிய அறிக்கையில், ரோட்டில் கிடந்தது பூவன்பழம் என்று இருக்கிறது. அது ரஸ்தாளி. சின்னத் தப்புதான், ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதுகிறவர் இன்னொன்றையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

அதே அறிக்கையில், மின்சாரக் கார் ஒன்று பிரேக் பிடிக்காமல் ஓடிவந்து வலியுல்லா என்பவர்மீது மோதியதில் அவர் இறந்துபோனார் என்றும் எழுதியிருக்கிறார். பத்திரிகைக்காரன் அதை வாங்கிக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். மவுண்ட் ரோட்டில் பெட்ரோல் கார் விற்கிற ஏஜெண்டு அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறானாம். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் உங்களிடம் பேசுவதென்று முடிவு செய்தேன்.

எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கில்லை, சொன்னால் எனக்கு எதிராகவே திரும்பும் என்று எச்சரித்தீர்கள். மாஜிஸ்திரேட்டின் கடமை அது, நன்றி. என் வக்கீல் ராமானுஜமும் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறார். “வேம்பு, பிரேக் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். கவனக்குறைவுன்னு அபராதத்தோட போயிடும். சாயங்காலம் ஆத்துக்குப் போய்ச் சாப்பிடலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிரேக் நான் என் கையால் செய்தது.

நான் மயிலாப்பூர்க்காரன். தந்தி ஆபீசில் பாட்டரி அறையில் வேலை பார்த்தவன். அலமாரி அலமாரியாகக் கண்ணாடி ஜாடிகள், அவற்றில் திராவகம், அதிலிருந்து புறப்படும் மின்சாரம் கல்கத்தா வரைக்கும் செய்தி கொண்டுபோகும். அத்தனை வேலை நடக்கும், அறையில் பல்லி கத்தினால் கேட்கும். வேலை என்றால் இப்படி நடக்கவேண்டும் என்று எனக்கு அங்கேதான் பட்டது. வெளியே வந்தால் ரோட்டில் பெட்ரோல் வண்டிகள். கைப்பிடியைச் செருகிச் சுழற்றவேண்டும், எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு. கிளம்பிய பிறகு இருமல், புகை, நாற்றம். சுழற்றத் தெம்பில்லாதவர்களுக்காக உள்ளே ஒரு பாட்டரியை வைத்து, பித்தானை அமுக்கினால் கிளம்பும்படி செய்தார்கள். எங்கள் சரக்கையே எடுத்து எங்களை அடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் மின்சாரக் கார் செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள்.

இதை என்னிடம் வந்து சொல்லாத ஆள் இல்லை. அமெரிக்காவில் மூடினால் அது அமெரிக்காவின் தலையெழுத்து. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்ட அன்று, எனக்குப் புத்தி சொன்ன அதே ஆசாமிகள் மாம்பலம் ஸ்டேஷனில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். ரயிலுக்கு ஆகும், காருக்கு ஆகாதா? வேலையை விட்டேன். உஸ்மான் ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்தேன்.

மோட்டாரும் பாட்டரியும் எனக்குத் தெரியும். மரமும் தோலும் தகரமும் தெரியாது. அதற்கு வந்தவர்தான் வலியுல்லா பாய். சைதாப்பேட்டையில் கோச்சு வண்டிகளுக்கும் ஜட்காவுக்கும் கூண்டு கட்டிக்கொண்டிருந்தவர். நல்ல மனுஷர், இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கொட்டகையில் அவர் பேச்சும் என் மௌனமுமாகச் சரிபாதி கூட்டு. அவர் வீட்டில் நான் கை நனைத்ததில்லை, எங்கள் வழக்கம் அப்படி. அவர் அதைப் பற்றி முகம் சுளித்ததும் இல்லை. பெருநாளுக்கு அவர் மனைவி ஹாஜிரா பீ தெருவுக்கெல்லாம் பிரியாணி கொடுத்தனுப்புவார், எனக்கு மட்டும் ஒரு சீப்பு ரஸ்தாளி வரும். வேலை நாட்களில் மத்தியானம் ஆனதும் பாய் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் தேவானை என்கிற பழக்காரி கூடை வைத்திருந்தாள். எனக்கென்று பொறுக்கி எடுத்து வாங்கி வருவார். “தோலுக்கு உள்ளே நம்ம கை படல ஐயரே, தைரியமா துண்ணுங்க” என்பார். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். பழம் வாங்குகிற விஷயத்தில் அவருக்கு அவசரமே கிடையாது.

கார் தயாரானது. அதற்கு நிசப்தா என்று பெயர் வைத்துப் பித்தளைத் தகட்டில் வெட்டி முகப்பில் பதித்தேன். பனகல் பார்க்கைச் சுற்றி முதல் தடவை ஓட்டினபோது டயரின் கீழ் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டியின் சத்தம் அல்ல, சருகின் சத்தம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாயும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

முதல் காரை வாங்கியவர் இதோ உட்கார்ந்திருக்கும் ராமானுஜம்தான். ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். “நான் வரேன்னு தெருவுக்கே தெரிய வேண்டாமோ? நேத்திக்கு வாசல்ல வந்து நின்னுண்டிருக்கேன், கேட்டைத் திறக்க ஒரு ஈ காக்கா இல்லை. சத்தமில்லாம வரதுக்கு நான் என்ன திருடனா?” என்று கேட்டார். இந்த ஊரில் கார் வாங்குகிறவன் போகிற இடத்துக்குப் போவதற்காக வாங்குவதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்காக வாங்குகிறான். அப்புறம் ஒரு நாள் அடையாற்றுப் பாலத்தின் நடுவில் பாட்டரி தீர்ந்து நின்றுபோயிற்று. கடற்காற்று எதிரே அடித்தது, ஏறியிருந்தவர்களும் கொஞ்சம் பருமன். ஏஜெண்டு எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் காரை அனுப்பி, நிசப்தாவைக் கயிற்றில் கட்டி இழுத்து, அதைப் படமும் எடுத்து விளம்பரம் போட்டான். இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. எதிரி செய்வது எதிரியின் வேலை. பாட்டரியைப் பெரிதாக்கினால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன்.

என் கூட்டாளி செய்ததுதான் உறைத்தது.

ஒரு நாள் கொட்டகை வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். தேவானை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள். அவள் தப்பினாள், கூடை சக்கரத்தில் போயிற்று. ரோட்டைக் கடக்கிறவள் பார்த்துக் கடக்கவேண்டும் என்பது என் கட்சி. பாய் கூடைக்கும் பழத்துக்கும் ஈடு கொடுத்து, அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் நான் வந்து பார்த்தபோது நிசப்தாவின் பின் அச்சில் ஜட்காக் குதிரையின் கழுத்துச் சலங்கையை வாரோடு கட்டிவைத்திருந்தார். சக்கரம் சுழன்றால் ஜல் ஜல் என்று அடிக்கும்.

நிசப்தாவுக்குச் சலங்கை. நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. ஊர் சிரித்தது. வடபழனியிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் பொடிசுகள் பின்னால் ஓடிவந்தன. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒருவன், “ஐயரு காரு டான்ஸ் ஆடிக்கினு வருது பாரு நைனா” என்று கத்தினான், மார்க்கெட் முழுக்கத் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. ஏஜெண்டுக்கு அந்த மாதம் விளம்பரச் செலவே இல்லை.

அவிழ்க்கச் சொன்னேன். ஹாரன் இருக்கிறதே என்றேன். பாய் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். “ஹாரன் நீங்க அமுக்குனாத்தானே கத்தும் ஐயரே. உங்களுக்கு ரோட்டைவிட பாட்டரி மீட்டர் மேலதான் கண்ணு. பெட்ரோல் வண்டி, ஓட்டுறவன் தூங்கினாலும் நான் வரேன்னு சொல்லிக்கினே வருது. டிராமு கூட மணி அடிக்குது. நாளைக்கு ஒரு கொயந்தை குறுக்கே வந்தா இன்னா பண்ணுவீங்க?” என்றார். வாதம் செய்கிறவனோடு பேசலாம், குழந்தையை நடுவில் கொண்டுவருகிறவனோடு என்ன பேசுவது?

கூடை நசுங்கின விஷயம் எப்படியோ வண்டிகளுக்கு லைசென்சு கொடுக்கிற ஆபீசுக்குப் போயிற்று. திங்கட்கிழமை இருவரும் நேரில் வரவேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சத்தமில்லாத வண்டி தெருவில் ஓடலாமா என்பதுதான் கேள்வி. பாய் தான் சொல்லப்போவதை என்னிடம் மறைக்கவில்லை. மின்சாரக் கார் எதுவானாலும் ஓடும்போதெல்லாம் மணி ஒலிக்கவேண்டும் என்று சட்டமே போடச் சொல்லப்போவதாகச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு கள்ளமும் இல்லை. அப்படிச் சட்டம் வந்தால் பயமில்லாமல் ஜனங்கள் வாங்குவார்கள், நம் தொழில் பிழைக்கும் என்று அவர் நினைத்தார்.

நான் செய்தது கார் அல்ல, அமைதி. ரோட்டில் ஆயிரம் வண்டி இருக்கிறது, என் வண்டிக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் பெட்ரோல்காரனைவிடக் குறைந்த தூரம் ஓடுகிற, கனமான, ஜல் ஜல் என்று கத்துகிற ஒரு ஜட்காவைத் தவிர என் கையில் என்ன மிஞ்சும்? ஏஜெண்டால் எட்டு வருஷம் முயன்றும் முடியாததை, என் கூடவே உட்கார்ந்து ஆணி அடித்தவர் ஒரே வார்த்தையில் செய்து முடிக்கப்போகிறார். போதாக்குறைக்கு, ஏஜெண்டு அவரை பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் வேலைக்கு அழைத்திருப்பதாகவும் என் காதில் விழுந்தது. ஆக, அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

கோபத்தில் கண் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் ராமானுஜம். அதுவும் பொய். எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் செய்கிறவன் அல்ல நான். பாய் இறந்ததற்கு முதல் நாள் மத்தியானமே சலங்கையை அவிழ்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பாய் பழக்கூடைக்கு முன்னால் குனிந்து நின்றார். வண்டியை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கை நீட்டினால் சட்டையைத் தொடலாம் என்கிற இடத்தில் நிறுத்தினேன். அவர் திரும்பவில்லை. தேவானையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. பின்னுக்கு எடுத்து, கொட்டகைக்கு வந்து, சலங்கையை மறுபடி கட்டிவைத்தேன். அவர் பழத்தோடு வந்தார். இரண்டு பழம் சாப்பிட்டேன், நல்ல கனிவு.

மறுநாளும் அதே மாதிரிதான். பாய் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். நான் சலங்கையை அவிழ்த்தேன். சீட்டில் வைத்தால் குலுங்கும்போது ஒலிக்கும் என்பதால் அங்கவஸ்திரத்தில் சுற்றிப் பத்திரமாக வைத்தேன். போலீஸ்காரர் வண்டியிலிருந்து எடுத்த மூட்டை அதுதான். சலங்கை அறுந்து விழுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். அறுந்த சலங்கை தானாகத் துணியில் சுற்றிக்கொள்ளாது. வார் இன்னும் முழுசாக இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பாய் தைத்த வார் அறுகிற ஜாதி இல்லை.

தேவானைமேல் படாமல் கூடையின் ஓரமாகப் பிடித்து நேராக ஓட்டினேன். பிரேக்கைத் தொடவில்லை. தொடவேண்டிய இடத்தில், அவரைத் தாண்டிய பிறகு, தொட்டேன். மரத்துக்கு முன்னால் வண்டி அப்படியே நின்றது, ஒரு முழம்கூட வழுக்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி மரத்தில் மோதியிருக்கவேண்டாமா? மரப்பட்டையில் ஒரு கீறல் உண்டா என்று யாராவது பார்த்தார்களா? சந்தேகம் இருந்தால் எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் வைத்துச் சோதியுங்கள். ஏஜெண்டின் மெக்கானிக்காகவே இருக்கட்டும். வண்டி நான் சொன்னதைச் செய்தது. சொல்லாத எதையும் செய்யவில்லை.

இறங்கிப் போனேன். பாய்க்கு நினைவு இருந்தது. பழச்சீப்பு கொஞ்ச தூரத்தில் கிடந்தது, ஒரு பழத்துக்குக்கூடத் தோல் கிழியவில்லை. அவர் என்னைத்தான் தேடினார். நான் குனிந்தேன்.

“சலங்கை கயண்டு பூடுச்சா ஐயரே?” என்று கேட்டார். “பாத்து ஓட்டுங்க. யார் மேலயாவது ஏறிடப் போவுது.”

கழன்றுபோகவில்லை, நான்தான் அவிழ்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் கேட்டாரா இல்லையா தெரியாது, என் கையைப் பிடித்தபடி இருந்தார். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது. அந்த வண்டி பெட்ரோல் வண்டி, பனகல் பார்க் திரும்பும்போதே இரைச்சல் கேட்டது.

ஹாஜிரா பீ என்னை லாக்கப்பில் வந்து பார்த்தார். விபத்து என்றுதான் அவரும் நினைத்திருந்தார். என்னைத் திட்டவில்லை. பஸ் கூண்டு கட்டும் வேலையைப் போன மாதமே பாய் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். “ஐயரை வுட்டுட்டு நான் எங்க போறதுன்னு சொன்னாரு” என்று சொல்லி அழுதார். ரஸ்தாளிச் சீப்பு ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அந்தப் பக்கம் சாயவில்லை என்பது எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் என் வாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திங்கட்கிழமை அவர் சொல்லப்போனது சொல்லப்போனதுதானே?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வலியுல்லா பாயை நான் கொன்றேன். வேண்டுமென்றே, யோசித்து, ஒத்திகை பார்த்து, என் வண்டியை ஏற்றிக் கொன்றேன். இதில் கவனக்குறைவு எங்கேயும் இல்லை. தூக்கோ தீவாந்தரமோ, கோர்ட்டின் இஷ்டம். தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. நான் கேட்பதெல்லாம், பிரேக்கைப் பற்றி எழுதின அந்த வரியை அடித்துவிடுங்கள். அடித்ததைப் பத்திரிகையிலும் போடச் சொல்லுங்கள், அதே கொட்டை எழுத்தில். ஏஜெண்டு அதையும் கண்ணாடியில் ஒட்டட்டும்.

இன்னொன்று. தேவானையின் வாக்குமூலத்தைச் சுருக்கிவிடாமல் அவள் வார்த்தையிலேயே வைத்திருங்கள். போலீஸ்காரர் கேட்டதற்கு அவள், “ஒரு சத்தமும் கேக்கலீங்க. காத்து கணக்கா வந்துச்சு” என்று சொல்லியிருக்கிறாள். அப்போது ரோட்டில் நின்றிருந்த ஜட்காக்காரனும் அதையே சொன்னான், எதிர்க்கடைக்காரரும் அதையே சொன்னார். எட்டு வருஷமாக இந்த ஊரில் ஒருவரும் என் வண்டியைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. சலங்கை வேண்டும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பாயும், கடைசியில் என் கட்சிக்கே சாட்சியாகிவிட்டார். வண்டி வந்தது அவருக்கும் கேட்கவில்லை.